மறைக்க ஒரு மங்கல், அழகுக்கு ஒரு மங்கல்

2024 மே 7 முதல் வெளியூர் வண்டியில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஏற இ-பாஸ் வேண்டும். பாஸ் கிடைத்த சந்தோஷத்தில் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பெயரையும் போன் நம்பரையும் விரலால் தேய்த்து மங்கலாக்கிவிட்டுப் போடுவார்கள். க்யூஆர் கட்டம் மட்டும் பளிச்சென்று நிற்கும். சாவடியில் ஸ்கேன் செய்து விவரத்தைச் சரிபார்ப்பதற்கென்றே வைத்த கட்டம் அது.

அதே விரல் வேலைதான் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த படத்தின் பின்புலத்தை மங்கலாக்கவும் உதவுகிறது. கருவி ஒன்றுதான், வேலை இரண்டு, இரண்டின் விதிகளும் நேரெதிர். மறைப்பதற்காக என்றால் பழைய தகவல் கோப்பிலேயே இருக்கக் கூடாது, படம் பார்க்க அசிங்கமானாலும் பரவாயில்லை. அழகுக்காக என்றால் கண் நம்ப வேண்டும், தகவல் எவ்வளவு மிஞ்சினாலும் கவலையில்லை. பெரும்பாலானவர்கள் மறைக்க வேண்டியதை மென்மையாகத் தடவிவிடுகிறார்கள், அழகாக இருக்க வேண்டியதை முரட்டுத்தனமாகத் தேய்த்துவிடுகிறார்கள். முதலில் மறைக்கும் வேலையைப் பார்க்கலாம்; தப்பினால் திரும்பப் பெற முடியாதது அதுதான்.

சராசரிக்கும் ஞாபகம் உண்டு

காஸியன் பிளர் ஒவ்வொரு பிக்சலையும் அதைச் சுற்றியுள்ளவற்றின் சராசரியாக மாற்றுகிறது. பக்கத்தில் உள்ளதற்கு எடை அதிகம், தள்ளியிருப்பதற்குக் குறைவு. மொசைக் படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே சராசரி நிறத்தைப் பூசுகிறது. சுழல் ஃபில்டர் சராசரிகூட எடுப்பதில்லை, பிக்சல்களை இடம் மாற்றுவதோடு சரி. 2007-ல் இன்டர்போல் தேடிய குற்றவாளி ஒருவன் தன் படங்களில் முகத்தைச் சுழல் ஃபில்டரால்தான் மறைத்திருந்தான். ஜெர்மன் போலீசார் அதை எதிர்ப்பக்கமாகச் சுழற்றி முகத்தை எடுத்தார்கள். அந்த வருடமே தாய்லாந்தில் பிடிபட்டான். அவன் மாட்டியது நல்லதுக்குத்தான். அதே பாடம் நல்லவர்களின் முகத்துக்கும் பொருந்தும்.

சராசரி எடுத்துவிட்டால் பழையது அழிந்துபோகும் என்பதும் பாதி உண்மைதான். 1990-ல் விண்ணுக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடி தவறான வளைவில் தேய்க்கப்பட்டிருந்தது. 1993 டிசம்பரில் வீரர்கள் மேலே போய்ச் சரிசெய்யும்வரை, மங்கலாக வந்த படங்களைக் கணக்குப் போட்டே கூர்மையாக்கினார்கள். மங்கல் எந்த வடிவத்தில் பரவியது என்று தெரிந்தால் ஓரளவுக்குப் பின்னோக்கிப் போக முடியும்.

எழுத்திலும் எண்ணிலும் பின்னோக்கிப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு ஜீப்பின் நம்பர் பிளேட்டை மொசைக் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் டி.என். 43 என்று இருக்கும் என ஊகிக்கலாம், உதகை வண்டிகளின் குறியீடு அது. மிச்சம் இரண்டு எழுத்து, நான்கு இலக்கம். எழுத்துக்கு 676 சேர்க்கை, எண்ணுக்கு 9,999. மொத்தம் சுமார் 67 லட்சத்து 60 ஆயிரம். இப்போது வரும் பிளேட்டுகள் ஒரே மாதிரி எழுத்துருவில் அச்சாகின்றன. கணினி ஒவ்வொரு எண்ணையும் தானே எழுதி, அதே மொசைக் போட்டு, உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எது ஒத்துப்போகிறதோ அதுதான் எண். எழுத்து இரண்டும் தெரிந்துவிட்டால் வேலை பத்தாயிரத்துக்குள் முடிந்தது. 2020 டிசம்பரில் வெளிவந்த டெபிக்ஸ் என்ற நிரல் மொசைக் போட்ட ஸ்கிரீன்ஷாட் எழுத்துகளை இந்த வகை ஒப்பீட்டில்தான் படித்துக் காட்டியது.

எழுத்தையும் எண்ணையும் அடைத்துவிடுங்கள்

ஆதார், வங்கிக் கணக்கு, போன் நம்பர், இ-பாஸ், நம்பர் பிளேட், மருத்துவச் சீட்டு எதுவானாலும் ஒரே நிறத்தில் முழுதாக அடைத்த செவ்வகம்தான் சரி. பிளர் வேண்டாம், மொசைக்கும் வேண்டாம். செவ்வகத்தை எழுத்தின் நீளத்துக்கு அளவெடுத்துப் போடாதீர்கள். பெயர் எத்தனை எழுத்து என்பதே ஒரு துப்பு. வரி முழுதும் ஒரே நீளமாக அடையுங்கள்.

போனில் செய்கிறவர்கள் விழும் குழி ஹைலைட்டர் பேனா. கறுப்பு நிறம் வைத்து இரண்டு மூன்று தடவை இழுத்தால் கண்ணுக்கு இருட்டாகத்தான் தெரியும். ஆனால் அது ஒளி ஊடுருவும் மை. படத்தை எடிட்டரில் திறந்து பிரைட்னஸையும் ஷேடோவையும் கடைசிவரை ஏற்றினால் அடியில் உள்ள எழுத்து எழுந்து வரும். வடிவங்கள் பகுதியில் உள்ள செவ்வகத்தை எடுத்து, உள்நிறம் நிரப்பி, ஒப்பாசிட்டி 100 என்று வையுங்கள். பிடிஎஃப் கோப்பில் இது இன்னும் மோசம். அதில் கறுப்புக் கட்டம் எழுத்தின்மேல் வைத்த துணி மாதிரி. கீழே உள்ள எழுத்தைத் தேர்ந்தெடுத்துக் காப்பி எடுத்துவிடலாம். பக்கத்தைப் படமாக மாற்றி, அந்தப் படத்தில் அடையுங்கள்.

க்யூஆர் கட்டத்தில் ஓரத்தை மட்டும் தேய்த்தால் பயனில்லை. சேதமடைந்தாலும் படிக்க முடிவதற்காகவே அதில் உபரித் தகவல் வைத்திருக்கிறார்கள். உயர்ந்த நிலையில் உருவாக்கிய கட்டம் சுமார் 30 சதவீதம் கெட்டாலும் வேலை செய்யும். முழுக் கட்டத்தையும் மூடுங்கள். கோத்தகிரியிலோ பூம்பாறையிலோ ஹோம்ஸ்டே பதிவுக்கு வாட்ஸ்அப்பில் ஆதார் கேட்டால், ஆதார் தளத்திலேயே கிடைக்கும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கி அனுப்பலாம். 12 இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும். ஆனால் முகவரி அதில் அப்படியேதான் இருக்கும். க்யூஆருக்குள்ளும் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் இருக்கின்றன.

கறுப்புக் கட்டம் கண்ணை உறுத்துகிறது, வண்டி விற்கும் விளம்பரத்துக்கு மங்கலான பிளேட்தான் நன்றாக இருக்கும் என்றால் ஒரு வழி உண்டு. முதலில் பிளேட்டை அதன் மஞ்சளோ வெள்ளையோ நிறத்தால் முழுதாகப் பூசுங்கள். அதன்மேல் ஏதாவது பொய்யான கறுப்புக் கீற்றுகளைப் போடுங்கள். பிறகு அதை பிளர் செய்யுங்கள். பார்க்க மங்கலான பிளேட். எத்தனை கணக்குப் போட்டாலும் கிடைப்பது உங்கள் கிறுக்கல்தான். (வண்டியின் நிறமும் பம்பரில் ஒட்டிய சாமி படமும் தெரிந்தால் குன்னூர் ஸ்டாண்டில் யார் ஜீப் என்று சொல்லிவிடுவார்கள். அதற்குக் கணினி தேவையில்லை.)

முகம்

கணினியில் செய்வதானால் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் போதும். அசல் கோப்பைத் தொடாமல் நகலைத் திறங்கள். எலிப்ஸ் செலக்ட் கருவியால் முகத்தை வளைத்துப் பிடியுங்கள். காது, முன்நெற்றி முடி, தாடை, கழுத்தின் மேல்பாதி எல்லாம் உள்ளே வர வேண்டும். செலக்ட் மெனுவில் குரோ கொடுத்து முக அகலத்தில் பத்தில் ஒரு பங்கு விரியுங்கள். ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் கொடுக்காதீர்கள். ஃபெதர் கொடுத்தால் ஓரத்தில் அசல் பாதி கலந்து நிற்கும், தாடைக் கோடும் காதும் தப்பிவிடும்.

அடுத்து ஃபில்டர்ஸ் மெனுவில் பிளர், அதில் பிக்சலைஸ். கட்டத்தின் அளவு முக அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. முகம் 300 பிக்சல் அகலம் என்றால் கட்டம் 60. குறுக்கே ஐந்து கட்டம்தான் நிற்கும். இனி கலர் பிக்கரால் பக்கத்துக் கட்டம் ஒன்றின் நிறத்தை எடுத்து, கண்ணும் மூக்கும் வாயும் விழுந்த கட்டங்களில் நாலைந்தை மாற்றிப் பூசுங்கள். இதுதான் முக்கியமான படி, எல்லோரும் விட்டுவிடுவதும் இதைத்தான். மொசைக்கின் சராசரி அசல் முகத்திலிருந்து வந்தது. நீங்கள் பூசிய நிறம் உங்கள் கையிலிருந்து வந்தது, அதைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. கடைசியாகக் காஸியன் பிளர், சைஸ் கட்டத்தில் பாதி, அதாவது 30. கட்டங்களின் முரட்டு ஓரம் கரைந்து பார்க்கச் சுமாராக இருக்கும்.

எண்களை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம், விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் போன் படம் 4,000 பிக்சல் அகலம். கிட்டத்தில் நிற்பவரின் முகம் 800 பிக்சல் வரை வரும், அதற்குக் கட்டம் 160. காஸியன் பிளரில் கிம்ப் தானாகக் காட்டும் 1.5 என்ற அளவு முகத்தில் பருவைக்கூட மறைக்காது.

முடிந்ததும் படத்தை 10 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்கள், அல்லது கையை நீட்டிப் பிடித்துக் கண்ணை இடுக்கிப் பாருங்கள். பெரிதாகப் பார்க்கும்போது வெறும் கட்டங்களாக இருப்பது சிறிதாகும்போது முகமாகத் திரண்டு வரும். பெல் லேப்ஸில் இருந்த லியோன் ஹார்மன் 1973-ல் ஆபிரகாம் லிங்கனின் படத்தைச் சில நூறு கட்டங்களுக்குள் சுருக்கி இதைக் காட்டினார். தள்ளி நின்று பார்த்தவர்கள் லிங்கனை அடையாளம் கண்டார்கள். ஸ்டேட்டஸில் படம் சிறிதாகத்தான் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். இயந்திரக் கண் இன்னும் கூர்மையானது. 2016-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக, கார்னெல் டெக் ஆய்வாளர்கள், மொசைக்கும் யூடியூப் பிளரும் போட்ட முகங்களை வைத்தே ஆளை அடையாளம் காண நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கிக் காட்டினார்கள். அந்த ஆளின் வேறு படங்கள் கைவசம் இருந்தால் போதும்.

இதில் ஒரு திருகலும் உண்டு. மங்கலான முகத்தைத் தெளிவாக்குகிறோம் என்று சொல்லும் ஏஐ ஆப்கள் முகத்தை மீட்பதில்லை, பொருத்தமான ஒரு முகத்தை இட்டுக்கட்டுகின்றன. அப்படி வந்த முகத்தை வைத்துத் திருடன் என்று யாரையும் குரூப்பில் சுட்டிக்காட்டிவிடாதீர்கள்.

போனிலேயே முடிக்க வேண்டுமென்றால் சிக்னல் ஆப்பில் படம் அனுப்பும் திரையில் உள்ள பிளர் கருவி முகங்களைத் தானாகப் பிடிக்கும். குல்லாயும் மஃப்ளரும் போட்ட முகம், பக்கவாட்டு முகம், படகில் குனிந்திருக்கும் முகம் இவற்றை அது அடிக்கடி விட்டுவிடும். விரலால் நீங்கள் பூச வேண்டும். ஊட்டி ஏரியில் எடுத்த படமென்றால் தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு முகம் இருக்கும். கூலிங் கிளாஸிலும் காரின் பக்கக் கண்ணாடியிலும் எடுத்தவரே தெரிவார்.

குழந்தைகள் விஷயத்தில் இது ரசனை சார்ந்ததல்ல. போக்சோ சட்டம் 2012-ன் 23-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம் மட்டுமல்ல, குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டு ஸ்வெட்டரில் உள்ள பள்ளி முத்திரையை விட்டால் மறைத்ததாக ஆகாது.

மலையில் பின்புலமே விலாசம்

பிளர் நுணுக்கங்களைத்தான் அழிக்கும், பெரிய வடிவங்களை விட்டுவிடும். கண்ணிமை போகும், மலைமுகடு நிற்கும். சமவெளியில் ஒருவர் வீட்டு முன்னால் நிற்கும் படத்தில் பின்னால் சுவரும் மரமும்தான் இருக்கும். இங்கே பின்னால் ஒரு முகட்டுக் கோடு இருக்கிறது. கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்த முகப்பா, தொட்டபெட்டாவின் எந்தப் பக்கம், பெருமாள் மலை இடதா வலதா என்று ஊர்க்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். வெளியாள் உயர வரைபடத்தை வைத்துக் கோட்டைப் பொருத்திப் பார்ப்பார். 40 பிக்சல் பிளர் கொடுத்தாலும் அந்தக் கோடு அசையாது. இடம் தெரியக் கூடாதென்றால் வானத்தை வெட்டி எறியுங்கள். வெட்ட முடியாவிட்டால் முகட்டை ஒரே சாம்பல் நிறத்தால் பூசி மூடுபனியாக்கிவிடுங்கள். இங்கே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சின்ன ஊரின் சிக்கல் இன்னொன்று. வரிசையாக வீடுகள் நிற்கும், படகர் இன மக்களின் ஊரான ஹட்டியிலோ தோட்டத்து லைன் வீடுகளிலோ ஒருவரை அடையாளம் காண முகம் தேவையில்லை. சிவப்பு ஸ்வெட்டர், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் விதம், வாசலில் கட்டிய ஆடு போதும். தோடர்கள் மொத்தமே சுமார் இரண்டாயிரம் பேர். தோடர் குடியிருப்பான மந்தின் குடிசையும் பூத்தையல் போர்வையும் தெரிகிற படத்தில் முகத்தை மட்டும் மங்கலாக்குவது ஒப்புக்குச் செய்வது. அங்கெல்லாம் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வையுங்கள். எந்த ஃபில்டரும் அதற்கு ஈடில்லை.

கோப்புக்குள் ஒளிந்திருப்பவை

மேலே சொன்ன அத்தனையும் சரியாகச் செய்து, தவறான கோப்பை அனுப்புவதுதான் சாதாரணமாக நடக்கும் விபத்து.

மோஷன் போட்டோ, லைவ் போட்டோ இரண்டிலும் படத்தோடு சில விநாடி வீடியோ ஒட்டியிருக்கும். ஸ்டில்லில் முகத்தை மூடியிருப்பீர்கள், வீடியோவில் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். ஐபோனில் எடிட் செய்த படத்தை முழுத் தரவுடன் பகிரும் தேர்வில் அனுப்பினால் அசலும் கூடவே போகும். வாங்கியவர் ரிவர்ட் அழுத்தினால் முடிந்தது. கிம்பின் எக்ஸ்சிஎஃப், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புகளில் லேயர்கள் தனித்தனியாகவே இருக்கும். ஜேபெக் ஆக எக்ஸ்போர்ட் செய்ததைத்தான் அனுப்ப வேண்டும். எக்ஸ்போர்ட் பெட்டியில் எக்ஸிஃப், தம்ப்நெயில் என்ற டிக் குறிகளை எடுத்துவிடுங்கள். எக்ஸிஃப் என்பது படத்தோடு ஒட்டியிருக்கும் விவரக் குறிப்பு, எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் அதில் இருக்கலாம். தம்ப்நெயில் சில சமயம் பழைய படத்தின் சிறு உருவமாகவே தங்கிவிடும். புலியின் காலடித் தடத்தையோ அரிய ஆர்க்கிட் பூவையோ முதுமலைப் பக்கம் எடுத்தவர்கள் மறைக்க வேண்டியது வேறெதையும்விட அந்த ஜிபிஎஸ் எண்ணைத்தான்.

வெட்டுவதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2023 மார்ச்சில் தெரியவந்த ஒரு பிழையில், கூகுள் பிக்சல் போனின் மார்க்அப் கருவியில் வெட்டிச் சேமித்த பிஎன்ஜி கோப்பின் வாலில் பழைய படத்தின் தரவு அப்படியே ஒட்டியிருந்தது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் அதே கோளாறு. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு முன் வெட்டி எங்கோ அனுப்பிய கோப்புகளை யாரும் சரிசெய்ய முடியாது.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாதவர்களுக்குச் சுலப வழி: வேலை முடிந்த படத்தைத் திரை முழுக்கத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை அனுப்புங்கள். லேயரும் வீடியோவும் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ்ஸும் அதோடு கழன்றுவிடும். தரம் திரையின் அளவுக்கு இறங்கும், அவ்வளவுதான். பிறகு அதை வேறொரு ஆப்பில் திறந்து பிரைட்னஸைக் கடைசிவரை ஏற்றி ஒருமுறை பாருங்கள்.

இனி அழகுக்காக

போனில் எடுத்த படத்தில் பின்புலம் ஏன் மங்குவதில்லை என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். முதலில் தனி கேமரா: குவியத் தூரம் 50 மிமீ உள்ள லென்ஸ், எஃப் 1.8 திறப்பு, ஏபிஎஸ்-சி அளவு சென்சார், ஆள் 1.5 மீட்டர் தூரத்தில். தொலைமலையில் உள்ள ஒரு விளக்கு சென்சாரில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வட்டமாகப் பரவும். 4,000 பிக்சல் அகலப் படத்தில் அது சுமார் 160 பிக்சல். போன் லென்ஸின் குவியத் தூரம் உண்மையில் சுமார் 7 மிமீதான். அதே எஃப் 1.8, அதே தூரம் என்றாலும் வட்டம் சுமார் 7 பிக்சல்தான். மிச்சத்தை மென்பொருள்தான் போட வேண்டும். எனவே 50 மிமீ லென்ஸ் போலத் தெரிய வேண்டுமென்றால் ரேடியஸ் 80-க்குப் பக்கத்தில் வையுங்கள். அதற்கு மேல் போனால் பொய் தெரியும்.

எங்கே எவ்வளவு என்பதற்கும் விதி இருக்கிறது. ஆளைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் உள்ள பொருள், தொலைமலையின் மங்கலில் பாதி மங்கும். நான்கு மடங்கு தூரத்தில் முக்கால். முன்பக்கம் வேகமாக மங்கும்: ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவில், பாதித் தூரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கொழுந்து தொலைமலை அளவுக்கே மங்கிவிடும். பின்புலம் முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்கினால் ஆள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் நிற்பதற்குக் காரணம் இதுதான். காலடியில் உள்ள தரை கூர்மையாகவே இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னால் போகப் போகத்தான் மங்க வேண்டும். தேயிலை வரிசைகளில் இதைச் சுலபமாகப் பார்த்துப் போடலாம், ஒவ்வொரு வரிசையும் ஒரு அளவுகோல்.

கிம்பில் செய்முறை இப்படி. லேயரை நகலெடுத்து, மேல் லேயரில் ஆளை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரியுங்கள். கீழ் லேயரில் ஆளை அழித்து, குளோன் கருவியால் அந்த இடத்தைப் பக்கத்துத் தேயிலையால் நிரப்புங்கள். தாறுமாறாக நிரப்பினாலும் போதும், மேலே ஆள் மூடிக்கொள்வார். இந்தப் படியை விட்டுவிட்டால்தான் ஒளிவட்டம் விழும்: பிளர் ஆளின் சட்டை நிறத்தையும் இழுத்துச் சராசரி எடுத்து, அவரைச் சுற்றி அந்த நிறத்தில் ஒரு புகையைப் பரப்பும். பிறகு புதிய லேயர் ஒன்றில் காலடி மட்டத்தில் கறுப்பும் தொலைவில் வெள்ளையுமாகக் கிரேடியன்ட் இழுத்து, அதை மாஸ்க்காகக் கொடுத்து லென்ஸ் பிளர் போடுங்கள். 2.10.20 பதிப்பிலிருந்து கிம்பில் அது இருக்கிறது. தலைகீழாக மங்கினால் கிரேடியன்ட்டை இன்வர்ட் செய்தால் சரி. கை இடுக்கு, காது வளையத்தின் ஓட்டை ஆகியவற்றில் கூர்மையான பின்புலம் மிஞ்சியிருக்கும். மாஸ்க்கில் அவற்றையும் துளையிடுங்கள்.

லென்ஸ் பிளரும் காஸியனும் ஒன்றல்ல. இரவில் எடுத்த ஊட்டிச் சரிவின் விளக்குகள் லென்ஸ் பிளரில் வட்ட வட்டமாக மலரும். காஸியனில் அழுக்குத் தண்ணீர் தெளித்ததுபோல் கரைந்துபோகும். லென்ஸ் பிளரில் உள்ள ஹைலைட் ஃபேக்டரைக் கொஞ்சம் ஏற்றினால் வட்டங்களுக்கு உயிர் வரும். அதிகமானால் வானத்தின் வெளிச்சமான இடங்களும் தட்டுகளாகிவிடும்.

போனின் போர்ட்ரெய்ட் மோட் மூடுபனியில் தடுமாறும். ஓரங்களைப் பிரித்தறிய அதற்குக் கான்ட்ராஸ்ட் வேண்டும், பனியில் அதுதான் இல்லை. கம்பளிக் குல்லாயின் நூல் முனைகளைத் தின்றுவிடும். உண்மையில் பனியில் எடுத்த படத்துக்கு பிளரே தேவையில்லை. பனி ஏற்கெனவே பின்புலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. அதன்மேல் பிளர் போட்டால் மெழுகு பூசியதுபோல் ஆகும்.

ஊரைப் பொம்மை ஊராகக் காட்டும் படம் மேலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கிலிருந்தோ குன்னூர் லேம்ஸ் ராக்கிலிருந்தோ கீழே பார்த்த படம் பொருந்தும். கிம்பின் ஃபோகஸ் பிளரில் வடிவத்தைக் கிடைமட்டமாக வைத்து, படத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு பட்டையை மட்டும் கூர்மையாக விடுங்கள். மேலும் கீழும் படிப்படியாக மங்கட்டும். நிறத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பட்டையைக் குறுக்கே கடக்கும் உயரமான சில்வர் ஓக் மரம் இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். மரத்தின் அடி கூர்மை, உச்சி மங்கல் என்று வந்தால் கண் ஏமாறாது. போனில் ஸ்னாப்சீட் ஆப்பின் லென்ஸ் பிளரும் இந்த வேலையைச் செய்யும், டிரான்சிஷனை மட்டும் நீளமாக வையுங்கள்.

சோலைக்குள் எடுத்த படத்துக்குக் கனவு போன்ற ஒளிர்வு வேண்டுமென்றால், ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் மைக்கேல் ஆர்ட்டன் கண்ட வழி இருக்கிறது. கூர்மையான ஸ்லைடு ஒன்று, மங்கலான ஸ்லைடு ஒன்று, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைப்பது. இப்போது லேயர் நகல், காஸியன் 30, ஸ்கிரீன் மோட், ஒப்பாசிட்டி 25 சதவீதம். ஐம்பதுக்குப் போனால் கல்யாண ஆல்பம்.

கேமராவிலேயே கிடைக்கும் மங்கலுக்கு எந்த மென்பொருளும் ஈடாகாது. மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பல்சக்கரப் பாதையில் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவில்தான் ஏறும். விநாடிக்கு 3.6 மீட்டர். கேமராவின் ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால் அதற்குள் அது நகர்வது 6 சென்டிமீட்டர், நின்ற ரயிலை எடுத்ததுபோல் இருக்கும். 1/15-ல் 24 சென்டிமீட்டர், 1/8-ல் 45. இந்த இரண்டில் ஒன்றை வைத்து, ரயிலோடு கேமராவையும் சீராகத் திருப்பிக்கொண்டே எடுத்தால் பெட்டி கூர்மையாகவும் காடு கோடுகளாகவும் வரும். பத்துக்கு ஒன்று தேறினால் நல்ல கைதான்.

கொடை மலைப்பாதையின் வெள்ளி அருவிக்கு கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை. பகல் வெளிச்சத்தில் கேமரா 1/60 காட்டினால், லென்ஸின் முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் அதை ஒரு விநாடிக்குக் கொண்டுவரும். டிரைபாட் இல்லையென்றால் கைப்பிடிச் சுவரில் வைத்து, டைமர் போட்டு விடுங்கள். குரங்கின்மேல் ஒரு கண் இருக்கட்டும். தைலமரக் காட்டில் கால் விநாடி வைத்து, கேமராவை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இழுத்தால் மரங்கள் தூரிகைக் கோடுகளாகும். இழுக்கத் தொடங்கிய பிறகு பட்டனை அழுத்துங்கள். நிறுத்திய பிறகு அழுத்தினால் வெறும் ஆட்டம்தான் பதியும்.

மங்கலாக்கிய வானத்திலும் பனியிலும் கடைசியில் படிக்கட்டு போல நிறக்கோடுகள் தெரியும். 8 பிட்டில் அவ்வளவு மெல்லிய மாற்றத்துக்குப் போதிய நிறப்படிகள் இல்லாததால் வருவது அது. இமேஜ் மெனுவில் பிரெசிஷனை 16 பிட்டாக்கிவிட்டு பிளர் போடுங்கள், முடிந்ததும் மங்கலான பகுதியில் மிக லேசாக நாய்ஸ் தூவுங்கள். கூர்மையாக விட்ட ஆளின் தோலில் உள்ள மணல்மணலான தன்மைக்கு அது பொருந்தினால் போதும். பிளர் போட்ட தடமும் அதோடு மறையும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கத்தில் அந்த நாய்ஸ் போய் கோடுகள் திரும்பி வரும். டாக்குமென்டாக அனுப்புங்கள். ஆனால் டாக்குமென்டாகப் போகும் கோப்பில் ஜிபிஎஸ் அப்படியே போகும். அனுப்புமுன் அதை எடுத்துவிடுங்கள்.